தனியாகப் படித்த அரசன்

கேளுங்கள் பிள்ளைகளே. பிள்ளைகளை அழைத்து வந்த பெரியவர்களே, நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் காலம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நாட்டுக்கு ஓர் அரசன், அரசனுக்கு ஒரு கோட்டை, கோட்டைக்கு வெளியே மற்ற எல்லாரும் என்று இருந்த காலம் அது.

அந்தக் காலத்தில் குவளை நாடு என்றொரு நாடு இருந்தது. அதன் தலைநகரம் பூவாற்றூர். அங்கே வச்சிரபாகு என்ற அரசன் ஆண்டு வந்தான். அவனுக்கு ஒரே மகன். பெயர் சோமசீலன்.

வச்சிரபாகு வாளெடுத்து நாட்டைப் பிடித்தவன். ஓர் எழுத்துகூடப் படித்தவன் இல்லை. ஒருமுறை பக்கத்து நாட்டு அரசவைக்கு விருந்தாளியாகப் போனான். அங்கே புலவர்கள் ஏதோ பேசினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். எதற்குச் சிரித்தோம் என்று தெரியாமலே ஊர் திரும்பினான். அந்த வெட்கம் அவனை விடவே இல்லை. என் மகன் இப்படி ஒரு சபையில் உட்காரக் கூடாது என்று அன்றே முடிவு செய்தான்.

வடக்கே ஆள் அனுப்பினான். கணக்கும் வானநூலும் கற்ற ஓர் ஆசிரியர் வந்தார். மேற்கே ஆள் அனுப்பினான். மருத்துவம் கற்ற ஓர் ஆசிரியர் வந்தார். தெற்கே ஆள் அனுப்பினான். இலக்கணமும் இசையும் கற்ற ஓர் ஆசிரியர் வந்தார். அரண்மனைக்குள் ஒரு கல்விக்கூடம் எழும்பியது. தெருச்சத்தம் கேட்காதபடி சுற்றிலும் உயர்ந்த மதில். உள்ளே ஆசிரியருக்கு ஓர் ஆசனம், மாணவனுக்கு ஓர் ஆசனம். அவ்வளவுதான்.

சோமசீலன் சிறுவனாக இருந்தபோது ஒருநாள், தோட்டக்காரரின் பிள்ளைகளும் என்னோடு உட்காரட்டுமே என்று தந்தையிடம் கேட்டான். வச்சிரபாகுவுக்குச் சிரிப்பு வந்தது. "ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டால் அப்புறம் உனக்கென்று என்ன இருக்கும்?" என்றான். அதன்பிறகு மகன் அதைப் பற்றிப் பேசவில்லை.

சோமசீலன் நன்றாகப் படித்தான். ஆசிரியர்கள் சொன்னதையெல்லாம் கற்றான். சொல்லாததையும் தேடிக் கற்றான். தந்தை இறந்து அவன் அரியணை ஏறியபோது, அவ்வளவு படித்த அரசன் அக்கம்பக்கத்து நாடுகள் எதிலும் இல்லை. அவனைப்போல் படித்த இன்னொருவர் குவளை நாட்டிலும் இல்லை. அது ஒரு குறை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை.

அவன் நல்ல அரசன்தான். கோபக்காரன் இல்லை. குடிகளை வருத்தியவன் இல்லை. இருந்தும் ஒரு மழைக்காலத்தின் முடிவில் பூவாற்றூருக்குள் கழிச்சல் நோய் புகுந்தது. காலையில் நன்றாக இருந்தவர்கள் மாலையில் கண் செருகிக் கிடந்தார்கள். குழந்தைகள்தான் அதிகம் மடிந்தார்கள்.

சோமசீலன் தெருத்தெருவாக ஆள் அனுப்பி, நோய் கண்ட வீடுகளை விசாரித்தான். ஒரு விஷயம் அவன் கண்ணில் பட்டது. நோய் வந்த வீடுகள் எல்லாமே அல்லிக்குளத்தில் தண்ணீர் எடுக்கும் வீடுகள். மேட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடித்த வீடுகளில் நோய் இல்லை. மழைவெள்ளம் மாட்டுப்பட்டிகளின் அழுக்கையெல்லாம் குளத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தது. மருத்துவ நூலில் அவன் படித்ததும் இதுவேதான். அவனுக்குச் சந்தேகமே இல்லை.

உடனே தண்டோரா போடச் சொன்னான். அல்லிக்குளத்துத் தண்ணீரை யாரும் தொடக் கூடாது என்றது முதல் தண்டோரா. ஊர் கேட்டது, குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கே போனது. மீறினால் தண்டனை என்றது இரண்டாம் தண்டோரா. ஊர் கேட்டது, காவலர் கண்ணில் படாமல் குளத்துக்குப் போனது. குளத்தைச் சுற்றி முள்வேலி என்றது மூன்றாம் தண்டோரா. ஊர் கேட்டது, வேலியைப் பிரித்துக்கொண்டு போனது.

ஏன் போகமாட்டார்கள்? அல்லிக்குளத்துத் தண்ணீர் கற்கண்டுபோல் இனிக்கும். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து குடித்த தண்ணீர். அரசன் அதைத் தன் யானைகளுக்கு ஒதுக்கிக்கொள்ளப் பார்க்கிறான் என்றார்கள் சிலர். படித்துப் படித்து அவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்றார்கள் வேறு சிலர். ஒரு கெட்ட எண்ணமும் இல்லாதவர்கள்கூட, தாகத்தோடு கிடக்கும் பிள்ளைக்கு இனிப்பான தண்ணீராகக் கொடுப்போமே என்றுதான் நினைத்தார்கள்.

நோய் ஒருவழியாக ஓய்ந்தபோது, பூவாற்றூரில் அழுகைச் சத்தம் கேட்காத தெரு இல்லை.

சோமசீலன் பல்லக்கை விட்டு இறங்கி, வீடு வீடாகத் துக்கம் கேட்கப் போனான். ஆற்றுத்துறையில் நாகாத்தாள் என்றொரு பெண் ஓடம் ஓட்டிப் பிழைத்து வந்தாள். கணவன் இல்லாதவள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மகன் நோயில் போய்விட்டான். கைக்குழந்தையாக ஒரு மகள் மட்டும் மிச்சம். அரசன் வந்து நின்றபோது அவள் எழுந்து கும்பிட்டாள், அழவில்லை.

அரசனும் பதிலுக்குக் கைகூப்பினான். நான் அவ்வளவு சொன்னேனே அம்மா, ஏன் கேட்கவில்லை என்று மெதுவாகக் கேட்டுவிட்டான்.

நாகாத்தாள் கைக்குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"மகாராஜா, நீங்கள் சொன்னது சரி என்று இப்போது எனக்குத் தெரிகிறது. என் பிள்ளை போன பிறகு தெரிகிறது. அன்றைக்கு அது சரி என்று எனக்கு எப்படித் தெரியும்?"

அரசன் அவள் வாசலிலேயே உட்கார்ந்தான். எப்படி என்று அவளுக்கு விளக்கிச் சொல்லப் பார்த்தான். மருத்துவ நூலில் இருந்த சொற்களால் தொடங்கினான். அவளுக்குப் புரியவில்லை. வேறு சொற்களால் சொன்னான். அதுவும் புரியவில்லை. மூன்றாவது முறை தொடங்கியபோது அவனுக்கே நாக்குத் தடுமாறியது. எவ்வளவோ படித்திருந்தான், படித்ததை இன்னொருவருக்குச் சொல்லிப் பார்த்த பழக்கம் மட்டும் அவனுக்கு இல்லை. அவனோடு உட்கார்ந்து படித்தவர் யாருமில்லையே.

அரண்மனைக்குத் திரும்பிய சோமசீலன் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சபையைக் கூட்டினான். ஊருக்குப் பொதுவாக ஒரு பள்ளிக்கூடம் திறக்கப்போகிறேன், எல்லாத் தெருப் பிள்ளைகளும் அங்கே படிக்க வேண்டும் என்றான்.

அமைச்சர் வீரகேசருக்கு அது பிடிக்கவில்லை. எல்லாரும் படித்துவிட்டால் ஏர் பிடிப்பது யார் என்று கேட்டார். எல்லாரும் பேசக் கற்றுவிட்டால் சொன்னதைச் செய்வது யார் என்று கேட்டார். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டால் அரசனுக்கும் குடிகளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். மூன்றுக்கும் அரசன் ஒரே பதில்தான் சொன்னான்:

"வீரகேசரே, நான் சொன்னது சரியாக இருந்தும் இத்தனை குழந்தைகளைப் புதைத்தோம். அந்தச் சரியை நான் ஒருவனே வைத்துக்கொண்டு என்ன செய்வது?"

பள்ளிக்கூடம் எழும்பியது. வடக்கிலிருந்து வந்த ஆசிரியர் சாரங்கர் மட்டும்தான் அப்போது நாட்டில் இருந்தார். அவரே தலைமை ஏற்றார். பிள்ளைகளை அனுப்பாத வீட்டுக்குத் தண்டனை என்று கட்டளை பிறந்தது. பிள்ளைகள் வந்தார்கள். பயந்து பயந்து உட்கார்ந்தார்கள். ஆசிரியர் சொன்னார், அவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

ஓராண்டு கழித்து அரசன் பள்ளியைப் பார்க்க வந்தான். பிள்ளைகள் ஒரே குரலில் கணக்கு ஒப்பித்தார்கள், செய்யுள் ஒப்பித்தார்கள். அரசனுக்கு மகிழ்ச்சி. திடீரென்று அவனுக்கு ஒன்று தோன்றியது. பிள்ளைகளைப் பார்த்து, "கோடைக்காலத்தில் ஆறு பெருகும்; மழைக்காலத்தில் வற்றும். சொல்லுங்கள்" என்றான்.

"கோடைக்காலத்தில் ஆறு பெருகும்; மழைக்காலத்தில் வற்றும்" என்றார்கள் பிள்ளைகள்.

ஒரு பிள்ளையாவது விழித்துப் பார்க்கும் என்று அரசன் காத்திருந்தான். ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே வளர்ந்த ஓடக்காரர் பிள்ளைகள்கூட அதையே கணீரென்று சொன்னார்கள். எவ்வளவு அடக்கம் பார்த்தீர்களா என்று சாரங்கர் பூரித்துப் போனார். அரசன் தலை குனிந்தபடி வெளியே வந்தான்.

வந்தவன் நேராக ஆற்றுத்துறைக்குப் போனான். எப்படித் தெரியும் என்று தன்னிடம் கேட்ட ஒரே ஆளிடம் போனான். நடந்ததை நாகாத்தாளிடம் சொன்னான். இந்தப் பள்ளியில் எங்கே தவறு என்று எனக்குத் தெரியவில்லை, நீயாவது சொல் என்றான்.

நாகாத்தாள் ஓடத்தைக் கட்டிவிட்டு வந்தாள். பிறகு, "உங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். தண்டோரா போட்டபோதும் அதுதானே மகாராஜா நடந்தது?" என்றாள்.

அதன்பிறகு பள்ளி மாறியது. ஒரே நாளில் மாறிவிடவில்லை. அங்கே எதைச் சொன்னாலும், சொன்னவர் அது தனக்கு எப்படித் தெரியும் என்று காட்ட வேண்டும் என்று விதி வந்தது. சொல்பவர் ஆசிரியரானாலும் சரி, அரசனே ஆனாலும் சரி. கேள்வி கேட்கும் பிள்ளையை அடிக்கக் கூடாது. தண்டனைக் கட்டளை நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, உழவுக்கும் ஓடத்துக்கும் பிள்ளைகள் தேவைப்படாத நேரத்துக்குப் பள்ளி மாற்றப்பட்டது.

கோயில் தெருக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். ஓடக்காரர் பிள்ளைகளோடு ஒரே பாயில் எங்கள் பிள்ளைகள் உட்காருவதா என்றார்கள். அரசன் அவர்களை வற்புறுத்தவில்லை. பாயையும் பிரித்துப் போடவில்லை. சில மாதங்கள் போயின. மற்ற பிள்ளைகள் பூவரச மர நிழலை வைத்துப் பொழுது சொல்வதைக் கோயில் தெருப் பிள்ளைகள் பார்த்தார்கள். வீட்டில் போய் அழுதார்கள். ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

சாரங்கருக்குத்தான் கோபம் அடங்கவில்லை. ஒருநாள் குயவர் வீட்டுப் பெண் ஒருத்தி ஏதோ கேட்டாள். அவர் எழுந்து போய்விட்டார். மூன்று நாள் பள்ளிப்பக்கம் வரவில்லை. கிழவர் நாட்டை விட்டே போய்விட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான்காம் நாள் சிவந்த கண்களோடு வந்தார். "அவள் கேட்டதற்கு எனக்கு விடை தெரியவில்லை. தேடிக்கொண்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்ததுபோல் அதற்கு முன் அவர் சொல்லிக்கொடுத்ததே இல்லை என்று சொல்வார்கள்.

ஆண்டுகள் ஓடின. பிள்ளைகள் வளர்ந்து ஏர் பிடித்தார்கள், ஓடம் தள்ளினார்கள், தறி நெய்தார்கள். சிலர் பள்ளியிலேயே ஆசிரியர் ஆனார்கள். நாகாத்தாளின் மகள் பவளாயி அவர்களில் ஒருத்தி. ஒவ்வொரு கோடையிலும் அவள் பிள்ளைகளை ஏரிக்கும் ஆற்றுக்கும் அழைத்துப் போவாள். பிளந்த மூங்கிலில் தண்ணீர் ஊற்றி, நிலத்தில் எது மேடு எது பள்ளம் என்று அளக்கச் சொல்லிக்கொடுப்பாள்.

அந்தக் காலத்தில் கழிச்சல் நோய் மறுபடியும் தலைகாட்டியது. அரசனுக்குச் செய்தி போவதற்குள்ளேயே பெண்கள் கூடிப் பேசி, அழுக்குத் தண்ணீர் எதுவென்று கண்டுபிடித்து, அதை விட்டுவிட்டார்கள். தண்டோரா போட வேண்டியிருக்கவில்லை. நோய் வந்த வேகத்தில் போய்விட்டது. சோமசீலன் மனம் குளிர்ந்தான். இனி நான் சொல்வது சரி என்று இவர்களுக்குப் புரியும், என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டான்.

கதையை இங்கேயே நிறுத்தினால் அரசனுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் நடந்தது அதோடு நிற்கவில்லையே.

அரசனுக்கு முடி நரைத்தது. அந்த ஆண்டு ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. ஊருக்கு மேற்கே இருந்த பேரேரி நிரம்பித் தளும்பியது. ஊரைப் பார்த்த கிழக்குக் கரையில் நீர் கசியத் தொடங்கியது. அது உடைந்தால் பூவாற்றூர் இருக்காது.

சோமசீலன் யோசித்தான். ஏரியின் தெற்கே ஆறு ஓடுகிறது. தெற்குக் கரையை வெட்டிவிட்டால் ஏரித் தண்ணீர் பள்ளத்தில் இறங்கி ஆற்றில் சேர்ந்துவிடும், ஊர் தப்பிவிடும். அந்த நிலத்தை இளவயதில் அவனே சாரங்கரோடு போய் அளந்திருக்கிறான். சந்தேகமே இல்லாமல் கட்டளையிட்டான். பள்ளியில் படித்து வளர்ந்த நூறு பேர் மண்வெட்டியோடு தெற்குக் கரைக்குப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் படைத்தலைவன் நனைந்தபடி ஓடி வந்தான். அவர்கள் வெட்ட மறுக்கிறார்கள் என்றான்.

இது ராஜத் துரோகம் என்றார் வீரகேசர். நான் அன்றே சொன்னேன் என்றும் சொன்னார். அரசன் குதிரை ஏறினான். அவனுக்குக் கோபம் வந்தது. வாழ்நாளில் அவனுக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை. யாருக்காக இவ்வளவும் செய்தேனோ, அவர்களே ஆபத்து வந்த நேரத்தில் என் சொல்லைத் தட்டுகிறார்களே என்று வழியெல்லாம் மனம் கொதித்தது.

கரையில் எல்லாரும் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் பவளாயி நின்றாள். அவர்களைச் சுற்றிப் படைவீரர்கள் வாளின் பிடியில் கை வைத்தபடி நின்றார்கள்.

"வெட்டச் சொன்னேன். ஏன் வெட்டவில்லை?" என்றான் அரசன்.

பவளாயி வாள்களைப் பார்த்தாள். இருந்தாலும் சொன்னாள். "மகாராஜா, நீங்கள் அளந்த காலத்தில் இந்தப் பக்கம் பள்ளமாக இருந்தது. அதன்பிறகு வந்த வெள்ளங்களில் ஆறு மணலைக் கொட்டிக் கொட்டிக் கரையை மேடாக்கிவிட்டது. இங்கே வெட்டினால் தண்ணீர் ஆற்றுக்குப் போகாது. கிழக்கே திரும்பிக் குயவர் தெருவுக்குள் போகும். நான் சொல்வதை நம்ப வேண்டாம். கீழே பாருங்கள்."

ஏரிக்கரைக்கு வெளியே, கீழே, அவர்கள் ஒரு சிறு வாய்க்கால் தோண்டியிருந்தார்கள். அதில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அரசன் குதிரையை விட்டு இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தான். ஆறு அவனுக்கு நேர் எதிரே இருந்தது. தண்ணீர் அவன் இடப்பக்கம், ஊரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

அரசன் நிமிரவில்லை. மழை அவன் முதுகில் கொட்டியது. வீரகேசர் குடையோடு பக்கத்தில் வந்தார். அரசே, இத்தனை பேர் முன்னால் உங்கள் வாக்குப் பொய்த்ததாக ஆகக் கூடாது; முதலில் இவர்களைப் பிடித்துக் கட்டச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று காதருகே சொன்னார். ஒரு கண்ணசைவு போதும். படைத்தலைவன் அரசனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சோமசீலன் நிமிர்ந்தான். பவளாயியைப் பார்த்து, "அப்படியானால் எங்கே திறக்கலாம்?" என்று கேட்டான்.

படைவீரர்கள் வாளின் பிடியிலிருந்து கையை எடுத்தார்கள். பவளாயி வடக்கே கை காட்டினாள். ஏரியின் வடக்கு ஓரத்தில் ஒரு பழைய கலிங்கு உண்டு. ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடுவதற்காக முன்னோர் கட்டிய வழி. அரண்மனைக் கரும்புத் தோட்டத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று யாரோ ஒரு காலத்தில் அதைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அதைத் திறந்தால் கரும்பு அத்தனையும் அழியும், ஆனால் அந்தப் பக்கம் வீடுகள் இல்லை என்றாள்.

"கரும்பு போகட்டும். திறவுங்கள்" என்றான் அரசன்.

பாதிப்பேர் வடக்கே ஓடிக் கல்லைப் பெயர்த்தார்கள். மற்றவர்கள் கிழக்குக் கரைக்கு ஓடினார்கள். ஊரே திரண்டு வந்தது. கோயில் தெருக்காரர்கள் மண்கூடையை எடுத்துக் கொடுத்தார்கள், ஓடக்காரர்கள் வாங்கினார்கள், குயவர்கள் மிதித்து அடைத்தார்கள். ஒரே பாயில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். யார் எதில் கெட்டிக்காரர் என்று ஒருவருக்கொருவர் தெரியும். யாரும் யாரையும் ஏவ வேண்டியிருக்கவில்லை. அரசனும் கூடை சுமந்தான். இருட்டுவதற்குள் ஏரி ஒரு முழம் இறங்கியது. கரை நின்றது.

கரும்புத் தோட்டம் முழுவதும் போயிற்று. ஊரில் ஒரு குழந்தைக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

மழை விட்ட பிறகு சபை கூடியது. வீரகேசர் எழுந்தார். ஊர் தப்பியதில் எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் கட்டளையை மீறியவர்களைச் சும்மா விட்டால் நாளைக்கு யார்தான் கேட்பார்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே பயந்துதான் கேட்டார்.

அரசன் நிதானமாகச் சொன்னான்:

"நான் சொல்வது சரியாக இருக்கும்போது இவர்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தைத் திறந்தேன். நான் சொல்வது தவறாக இருக்கும் நாள் ஒன்றும் வரும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடம் அந்த நாளுக்கும் சேர்த்தே வேலை செய்திருக்கிறது. இதற்கு நான் யாரைத் தண்டிப்பேன், வீரகேசரே?"

பிறகு அவன் இன்னொன்றும் செய்தான். எனக்குப் பின் வரும் அரசன் என்னைவிட நல்லவனாகவும் இருக்கலாம், மோசமானவனாகவும் இருக்கலாம்; பள்ளியைத் திறப்பதும் மூடுவதும் ஒருவன் கையில் இருக்க வேண்டாம் என்று சொல்லி, பள்ளிக்கூடத்தையும் அதற்கான நிலத்தையும் ஊர்ச்சபையிடம் ஒப்படைத்தான். அன்று முதல் அது அரசன் நடத்திய பள்ளி இல்லை. பூவாற்றூர் தன் பிள்ளைகளுக்காகத் தானே நடத்திக்கொண்ட பள்ளி. சோமசீலனுக்குப் பிறகு அரசர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

இந்தக் கதை நமக்குச் சொல்வது இதுதான் பிள்ளைகளே: ஒருவரிடம் மட்டும் சேர்ந்து கிடக்கும் கல்வி அவரைக்கூடக் காப்பாற்றாது, எல்லாரும் சேர்ந்து கற்று, தயங்காமல் கேள்வி கேட்கும் கல்வியே அரசனையும் குடிகளையும் ஒருசேரக் காப்பாற்றும்.